ஊரும் புறநகரும்: குன்றத்தூர்க் குடியிருப்பின் வரலாறு

சென்னை மாநகரின் தென்மேற்கே, பல்லாவரத்திலிருந்து பூந்தமல்லிக்குச் செல்லும் வழியில் அமைந்த குன்றத்தூர், தமிழிலக்கிய வரலாறு கற்பார் அனைவரும் பெயரளவிலேனும் அறிந்த ஊராகும். திருத்தொண்டர் புராணம் அருளிய சேக்கிழார் பெருமான் தோன்றிய ஊர் என்பதே அதன் முதற்பெருமை. அவ்வூர் இன்று ஒரு நகராட்சி. குன்றின்மேல் முருகன் கோயிலும், குன்றின் கீழே சேக்கிழார் எடுப்பித்த திருநாகேச்சுரமும் நிற்கின்றன. ஒருபால் ஏரிகளும் எஞ்சிய வயல்களும். மற்றொருபால் மனைப்பிரிவுகளும் அடுக்குமாடி வீடுகளும். நாட்டுப்புறம் என்றோ நகரம் என்றோ துணிந்து கூறவியலாத இவ்விடைநிலையே அங்கு வாழ்வாரது அன்றாட வாழ்வாக உள்ளது.

இவ்விடைநிலையை எடுத்துரைப்போர் பெரும்பாலும் ஒரே வகையாக உரைப்பர். பண்டு அமைதியும் தற்சார்பும் உடைய சிற்றூர் இருந்தது. பின்னர் மாநகர் பரந்து வந்து அதனை விழுங்கிற்று என்பர். இக்கூற்று பாதி உண்மையே என்பது எம் கருத்து. பழைய ஊர் எல்லார்க்கும் ஒருதன்மைத்தாய் இருந்ததில்லை. மாநகரோடு அதற்குற்ற தொடர்பும் நேற்றுத் தோன்றியதன்று. உண்மையில் மாறியது யாது? மனை, காணி, ஏரி ஆகிய மூன்றுக்கும் இடையே நிலவிய தொடர்பே அறுந்தது. அத்தொடர்பு எங்ஙனம் அமைந்திருந்தது, எவர்க்கு அது நன்மை பயந்தது, எவரை அது புறத்தே நிறுத்திற்று, அஃது அறுந்தமையால் விளைந்தன யாவை என்பவற்றை இலக்கியம், கல்வெட்டு, ஆட்சி ஆவணம் ஆகிய மூவகைச் சான்றுகளும் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரும் இடமும்

குன்றம் என்னும் நிலைமொழி, ஊர் என்னும் வருமொழியோடு புணருங்கால் மகரம் கெட்டு அத்துச் சாரியை பெற்றுக் குன்றத்தூர் என நின்றது. சமநிலத்திடையே எழுந்த சிறுகுன்று ஒன்றனைச் சார்ந்து அமைந்தமையின் இப்பெயர் வந்தது என்பது வெளிப்படை. ஊர்ப்பெயர்கள் நிலத்தின் இயல்பினையும் நீர்நிலையையும் காட்டுவன என்பதனை இரா. பி. சேதுப்பிள்ளை அவர்கள் 'தமிழகம் ஊரும் பேரும்' என்னும் நூலால் நன்கு விளக்கினார். அந்நெறியிற் காணின், குன்றத்தூரைச் சுற்றியுள்ள பெயர்களும் நிலநூலாகவே விளங்கும். செம்பரம்பாக்கம், மணப்பாக்கம், கொளப்பாக்கம் என்பன பாக்கம் எனவும், பழவந்தாங்கல், ஈச்சந்தாங்கல் என்பன தாங்கல் எனவும் முடிகின்றன. தாங்கல் என்பது நீரைத் தாங்கி நிறுத்தும் சிற்றேரி. ஊர்ப்பெயரே நீர்நிலையின் பெயராய் இருத்தல் தொண்டைநாட்டு வழக்கு. இந்நாட்டில் வற்றாப் பேராறு இன்மையின், மழைநீரைக் கரையிட்டுத் தேக்கி வாழ்தலே வாழ்வாயிற்று. ஆதலின், ஏரியின்றி ஊர் இல்லை என்பது இந்நிலப்பகுதிக்குப் பொதுவிதி எனலாம்.

இப்பகுதியில் மக்கள் வாழ்ந்த காலத்தின் பழைமையோ அளவிடற்கரியது. 1863ஆம் ஆண்டில் இராபர்ட்டு புரூசு பூட்டு என்னும் நிலவியலறிஞர் பழங்கற்காலக் கருவி ஒன்றனைக் கண்டெடுத்ததும், பின்னர் அலெக்சாந்தர் ரே என்பார் ஈமப்பேழைகளை அகழ்ந்து கண்டதும் அண்மையிலுள்ள பல்லாவரத்திலேயாம். வரலாற்றுக் காலத்தில், தொண்டைமண்டலத்து இருபத்துநான்கு கோட்டங்களுள் ஒன்றாகிய புலியூர்க் கோட்டத்தில், குன்றத்தூர் தன் பெயராலேயே ஒரு நாட்டிற்குத் தலைமையூராய் விளங்கிற்று. சோழர் ஆட்சியில் தொண்டைமண்டலம் செயங்கொண்ட சோழமண்டலம் எனப் பெயர் பெற்றது. எனவே குன்றத்தூர் எக்காலத்தும் மூலையிற் கிடந்த சிற்றூர் அன்று. சுற்றுவட்டத்து ஊர்கட்கு நடுவாய் நின்ற ஊராம்.

புறஞ்சேரியும் நகரும்

புறநகர் என்னும் சொல் இக்காலத்தது. அது குறிக்கும் பொருளோ பழையது. சிலப்பதிகாரத்து மதுரைக் காண்டத்தில் 'புறஞ்சேரி இறுத்த காதை' எனவே ஒரு காதை உளது. கோவலனும் கண்ணகியும் கவுந்தியடிகளோடு மதுரையின் மதிற்புறத்தே தங்குகின்றனர். அறவோர் உறையும் அப்புறஞ்சேரி, நகர்க்கு அண்மையதாயினும் நகரின் ஆரவாரத்தினின்று நீங்கியது. பின்னர்க் கண்ணகி அடைக்கலமாய் இருந்த ஆயர்பாடியும் அரணுக்கு அப்பாலதே. நகர்க்குப் பாலும் மோரும் அளிப்பாரும், நகர்க்குள் இடம்பெறாத புதியோரும் வாழும் இடமாகப் புறஞ்சேரியை இளங்கோவடிகள் காட்டும் திறம், புறநகரின் இயல்பினை இன்றும் விளக்கவல்லது.

ஈண்டு மூன்று சொற்களின் பொருள்மாற்றத்தை ஓர்தல் வேண்டும். நகர் என்பது சங்கச் செய்யுட்களிற் பெரும்பாலும் வளமனையையும் கோயிலையும் குறித்தது. பேரூரைக் குறிக்கும் வழக்கு பின்னர்ப் பெருகிற்று. சேரி என்பது குடியிருப்புத் தொகுதி எதனையும் குறித்த பொதுச்சொல். உத்தரமேரூர்க் கல்வெட்டில் அந்தணர் வாழ்ந்த பகுதிகளும் சேரி எனவே குறிக்கப்பெறுகின்றன. காலப்போக்கில் அச்சொல் ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புக்கே உரியதாய்ச் சுருங்கிற்று. ஊர் என்னும் சொல்லோ அதற்கு மறுதலையாய் நின்றது. 'ஊரும் சேரியும்' என்னும் இணைமொழி, ஒரு சிற்றூரின் நிலப்படத்தையும் அதன் சமுதாயப் பிளவையும் ஒருசேரக் காட்டும். இன்று மனைப்பிரிவுகள் ஒவ்வொன்றும் யாதேனும் ஒரு 'நகர்' எனப் பெயர் பெறுகின்றன. மனையைக் குறித்த பழஞ்சொல், பல கைம்மாறி, மனைகளின் கூட்டத்தைக் குறிக்க வந்தமை வியப்பிற்குரியது.

சோழர் கால ஊரமைப்பு

ஓர் ஊர் எவ்வுறுப்புகளால் அமைந்தது என்பதனை அறிதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் பொறித்த கல்வெட்டுகள் பெருந்துணை புரிவன. கோயிலுக்கு அளிக்கப்பெற்ற ஊர்களின் நிலத்தை அளந்து கூறுங்கால், வரி விதித்தற்கு உரியன அல்லாத பகுதிகள் முதற்கண் கழிக்கப்படுகின்றன. ஊர்நத்தம், கோயில், குளம், ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால், கம்மாணசேரி, பறைச்சேரி, சுடுகாடு என அவை வரிசையாய்க் கூறப்படும். பின்னாளில் புறம்போக்கு எனப்பட்டது இவ்வகை நிலமே. புறம்போக்கு என்னும் சொல்லைக் கேட்டவளவில் எவர்க்கும் உரிமையற்ற வெற்றிடம் என எண்ணுவார் பலர். அஃது எல்லார்க்கும் பயன்படவேண்டி வரிக்கணக்கினின்று நீக்கப்பெற்ற நிலம் என்பதே அதன் வரலாற்றுப் பொருளாம்.

மனைக்கும் பொதுக்கடனுக்கும் இருந்த தொடர்பினைத் தொண்டைமண்டலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் தெளிவுறுத்தும். முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அவை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைக் குடவோலையால் தேரும் முறையை வகுக்கின்றன. உறுப்பினராதற்குரிய தகுதிகளுள் இரண்டு ஈண்டு கருதத்தக்கன. வரிசெலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையனாதல் ஒன்று. தன் சொந்த மனையில் எடுத்த வீட்டில் வாழ்வோனாதல் மற்றொன்று. இவ்விரண்டும் உடையானே ஏரியைக் காக்கும் பொறுப்பினை ஏற்றற்குரியன். ஊரில் வாழ்தலும், நிலம் உடைமையும், நீரைக் காத்தலும் ஒரே கயிற்றின் மூன்று புரிகளாய் முறுக்குண்டிருந்தமை இதனாற் போதரும்.

உத்தரமேரூர் பிரமதேயம் ஆதலின், அதன் சபை விதிகள் அனைத்தும் வேளாண் ஊர்களுக்கும் அங்ஙனமே பொருந்தும் எனக் கொள்ளுதல் பிழையாம். எனினும், காணியுடையாரே ஊராராய்க் கூடி ஏரியையும் கோயிலையும் பேணினர் என்னும் பொதுநிலை வேளாண் ஊர்களுக்கும் ஒக்கும். குன்றத்தூர் அவ்வகை வேளாண் ஊரே.

சேக்கிழார் காட்டும் இருவகைக் குடியிருப்பு

சேக்கிழாரது வரலாற்றினை உமாபதி சிவாச்சாரியார் இயற்றியதாகக் கூறப்பெறும் திருத்தொண்டர் புராண வரலாறு உரைக்கும். அருண்மொழித்தேவர் என்பது அவரது இயற்பெயர். சேக்கிழார் என்பது குடிப்பெயர். அநபாயச் சோழனிடம் முதலமைச்சராய் இருந்து உத்தமசோழப் பல்லவன் என்னும் பட்டம் பெற்றார். அநபாயன் என்பான் 1133 முதல் 1150 வரை ஆண்ட இரண்டாம் குலோத்துங்கன் என்பது அறிஞர் பலர் துணிபு. சோழநாட்டுத் திருநாகேச்சுரத்தின்பால் பேரன்பு பூண்ட சேக்கிழார், அப்பெயராலேயே தம் ஊரில் ஒரு கோயில் எடுப்பித்தார். தலைநகர்ப் பணியில் வாழ்ந்தோர் ஒருவர், தாம் ஆண்டுக் கண்டு வழிபட்டதனைத் தம் பிறந்த ஊருக்குக் கொணர்ந்த செயல் இது. தொழில் ஓரிடத்தும் வாழ்வின் வேர் வேறோரிடத்துமாக இருத்தல் இக்காலப் புறநகர் மக்களுக்கே உரியது என எண்ணுதல் பொருந்தாது. குன்றத்தூரின் தலைசிறந்த மகனாரது வாழ்விலேயே அஃது அமைந்து கிடந்தது. வேறுபாடு ஒன்றுண்டு. அவர் வெளியிற் பெற்றதனை ஊருக்கு ஈந்தார். ஊரின் கோயிலோடும் காணியோடும் அவருக்குத் தொடர்பு அறவில்லை.

சேக்கிழார் தம் காப்பியத்துத் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் புராணத்தில் தொண்டைநாட்டின் ஐந்திணை வளத்தையும் விரித்துரைக்கின்றார். தாம் பிறந்து வளர்ந்த நாடாதலின் அப்பகுதியிற் கேட்டறிந்த செய்தியினும் கண்டறிந்த செய்தியே மிகுதி எனலாம். ஆயின், ஊரமைப்பினை ஆராய்வார்க்கு இதனினும் சிறந்த சான்றாவது திருநாளைப்போவார் புராணம். அதன்கண் ஆதனூரின் வயல்வளமும் மாடவளமும் கூறியபின், அவ்வூரின் புறம்பணையில் அமைந்த புலைப்பாடியை அவர் காட்டுகின்றார். சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகள், முன்றிலில் குஞ்சுகளோடு திரியும் கோழி, கையில் இரும்புக் காப்பணிந்த சிறுவர், மருதநிழலில் சிறுதோலின்மேல் மகவை உறங்க வைக்கும் உழத்தி எனக் காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இகழ்ச்சிக் குறிப்பின்றி, கண்ணாற் கண்டு நின்றாற்போல அவர் அதனைப் பாடியிருத்தல் போற்றற்குரியது.

அப்புராணத்துள் வரும் 'பறைத்துடவை' என்னும் சொல் வரலாற்றாசிரியர்க்குப் பெரிதும் வேண்டுவது. ஊரார் பறைத்தொழிலுக்கென விட்ட துடவை நிலமே நந்தனாருக்கு உணவுரிமையாய் அமைந்தது. தொழில் செய்யுங்காறும் உண்ணற்குரிய நிலம் அது, காணியன்று. ஊரின் வயலில் உழைப்போர் அவ்வூரின் புறத்தே, பிறர் விட்ட நிலத்தில் வாழ்ந்தனர் என்னும் உண்மையைக் காணியுடைய குடியிற் பிறந்த புலவரே பதிவு செய்துள்ளார். மனை, காணி, ஏரி என மேற்கூறிய முப்புரிக் கயிறு எவரைப் பிணித்தது, எவரைப் பிணியாது விடுத்தது என்பது இதனால் விளங்கும். ஏரிக்கரையைத் தம் தோளால் சுமந்து உயர்த்தினார் பலர். வாரியத்தில் அமர்தற்கு உரியர் சிலரே.

ஜாகீர்க் காலம்

1639இல் சென்னைக் கோட்டைக்கு இடம் பெற்ற ஆங்கில வணிகர், 1763இல் ஆர்க்காட்டு நவாபு முகம்மதலியிடமிருந்து செங்கற்பட்டுப் பகுதியை ஜாகீராகப் பெற்றனர். அன்றுதொட்டுச் சென்னையைச் சூழ்ந்த ஊர்களின் விளைவு நகரின் வருவாயாயிற்று. 1767 முதல் 1774 வரை தாமசு பர்னார்டு என்பார் ஜாகீரின் ஊர்களை அளந்தார். ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் நிலம், வீடு, குடிகள், தொழில், நீர்நிலை ஆகியன அவ்வளவையில் பதிவாயின. விளைச்சலைப் பங்கிடுமுன் கோயிலுக்கும், கணக்கருக்கும், கைவினைஞர்க்கும், நீர்நிலைக்கும் உரிய பகுதி எடுத்துவைக்கப்பெற்ற முறையினை அவ்வாவணங்கள் காட்டுகின்றன. ஏரி காத்தல் எவர் ஒருவரது கொடையையும் வேண்டி நில்லாது, ஒவ்வோர் அறுவடையிலும் தானே கிடைத்த ஒரு பங்கினால் நடைபெற்றது என்பதே இதனாற் பெறப்படும் பேருண்மை.

1780இல் ஐதரலியின் படை இந்நாட்டினுட் புகுந்ததால் ஊர்கள் பல பாழ்பட்டன. குடிகள் சிதறினர்; கரைகள் உடைந்தன. பின்னர் 1794 முதல் 1798 வரை ஜாகீரின் ஆட்சியாளராய் இருந்த லயனல் பிளேசு, ஏரிகளைச் செப்பனிடுதலையும், குடிகளை மீண்டும் ஊர்களில் நிலைபெறச் செய்தலையும் தம் தலையாய பணியாகக் கொண்டார். மதுராந்தகத்து ஏரிகாத்த இராமர் கோயிலோடு அவர் பெயர் மக்கள் வழக்கில் இன்றும் இணைந்து நிற்கின்றது. நிலையாக ஓரூரில் தங்கி உழும் குடியே பழந்தமிழ்க் குடி என்னும் கருத்து, அக்கால ஆட்சியாளரும் ஊர்த்தலைவரும் தம்முள் உரையாடி உருவாக்கியது என்பதனை யூசின் இர்சிக்கு என்னும் வரலாற்றாசிரியர் 1994இல் வெளியிட்ட நூலில் நிறுவியுள்ளார். அவர் முடிவு முழுவதையும் ஏற்க வேண்டுவதில்லை. எனினும், 'என்றும் மாறாத அமைதிச் சிற்றூர்' எனப் பின்னோர் போற்றிய ஓவியம் ஓரளவு அந்நூற்றாண்டின் போர்க்கும் பஞ்சத்துக்கும் பின்னர்த் தீட்டப்பெற்றது என்பதனை மறுத்தல் இயலாது.

அக்காலத்து வாழ்வில் மற்றொரு கூறும் உண்டு. செல்வரும் கலைஞரும் இப்புறவூர்களில் நகரோடு கலந்தே வாழ்ந்தனர். குன்றத்தூரை அடுத்த கோவூரில் வாழ்ந்த சுந்தரேச முதலியார் என்பவரது அழைப்பிற் சென்ற தியாகராசர், அவ்வூர்ச் சிவபெருமான்மீது ஐந்து கீர்த்தனங்கள் பாடினார். கோவூர்ப் பஞ்சரத்தினம் என அவை இன்றும் வழங்குகின்றன. காவிரிக்கரைப் பெரும்புலவரைச் சென்னையை அடுத்த ஒரு சிற்றூர் வரவேற்றுப் போற்றியமை, நகரின் செல்வமும் ஊரின் கோயிலும் கைகோத்து நின்ற நிலையைக் காட்டும்.

மனையுரிமை பற்றிய வழக்கு

காணியாட்சி, ஆங்கிலேயர் ஆவணங்களில் மிராசு எனப் பெயர் பெற்றது. திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்து உரைவகுக்க முற்பட்ட எல்லிசு, மிராசுரிமை பற்றிய வினாக்களுக்கு வரைந்த விடைகள் 1818இல் அச்சாயின. கல்வெட்டுகளையும் பழம்பத்திரங்களையும் சான்றாக்கி அவர் எழுதிய அந்நூல், தமிழாய்வும் நிலவியல் ஆட்சியும் ஒன்றிய அரிய இடம். காணியாளர் தம் ஊரின் நத்தத்திலும் தரிசிலும் தமக்கே உரிமை உண்டு என நிலைநாட்டுதற்கு அத்தகைய ஆவணங்கள் துணையாயின. அதன் மறுபக்கத்தையும் யாம் கூறாது விடுதல் நடுவுநிலைமையாகாது.

அம்மறுபக்கம் 1891இல் வெளிப்பட்டது. செங்கற்பட்டு ஆட்சியர் திரமன்கீர் என்பார் ஒடுக்கப்பட்ட மக்களின் நிலைபற்றி அரசுக்கு அறிக்கை விடுத்தார். உழைக்கும் குடிகளுக்கு உழுநிலம் இன்மையோடு, தாம் குடிசை கட்டி வாழும் இடமும் தமக்கு உரியதாய் இன்மையை அவர் எடுத்துக்காட்டினார். மிராசுதாரர் சினந்தால் ஒருவன் கூலியை மட்டுமன்றிக் கூரையையும் இழப்பான் என்பதே அந்நிலையின் பொருள். அவ்வறிக்கையின் பின்னர், 1892ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாளிட்ட அரசாணை 1010இன் வழி, அம்மக்களுக்கு நிலம் அளிக்கும் ஏற்பாடு தோன்றிற்று. பஞ்சமி நிலம் எனப் பின்னர் வழங்கியது அதுவே. குடியிருக்கும் மனையை வேளாண் தொழிலாளர்க்கே உடைமையாக்கும் குடியிருப்புச் சட்டம் தமிழ்நாட்டில் 1971இல் இயற்றப்பெற்றது. அறிக்கைக்கும் இச்சட்டத்துக்கும் இடையே எண்பது ஆண்டுகள் கழிந்தன. புலைப்பாடியைச் சேக்கிழார் பாடிய காலத்திலிருந்து கணக்கிடின், ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுகளாம்.

பழைய ஊரின் அழிவுக்கு வருந்துவோர் இச்செய்தியையும் உடன்வைத்து எண்ணுதல் கடன். விலைகொடுத்து வாங்கும் எவர்க்கும் மனை உரியதாகலாம் என்னும் நிலை, குறையுடையதேனும், நத்தத்தில் இடம் மறுக்கப்பட்டவரின் வழித்தோன்றல்களுக்கு ஒரு வாயிலைத் திறந்தது. பொருளில்லார்க்கு அவ்வாயிலும் அடைத்தே கிடக்கின்றது என்பது வேறு.

நகராட்சியும் மனைப்பிரிவும்

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மாற்றம் விரைவுற்றது. 1990ஆம் ஆண்டுகளில் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர்ப் பகுதிகளில் பெருந்தொழிற்சாலைகள் எழுந்தன. 2011இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் அதனோடு இணைந்தன. போரூரும் மணப்பாக்கமும் மாநகரினுள் அடங்க, குன்றத்தூரும் மாங்காடும் எல்லைக்கு வெளியே நின்றன. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைந்த வெளிவட்டச் சாலையின் முதற்பகுதி 2014இல் திறக்கப்பெற்றது. அது குன்றத்தூர்ப் பக்கமாகவே செல்கின்றது. 2019இல் காஞ்சிபுரம் மாவட்டத்தினின்று செங்கற்பட்டு மாவட்டம் பிரிந்தபோது குன்றத்தூர் காஞ்சிபுரத்தொடு நின்றது. 2021இல் அது பேரூராட்சி நிலையினின்று நகராட்சியாக உயர்ந்தது.

இம்மாற்றத்தினைப் பத்திரங்களின் மொழியிற் காணலாம். சோழர் கல்வெட்டுகள் ஒரு நிலத்தின் நான்கெல்லை கூறுங்கால், கீழ்பால் இன்ன வாய்க்கால், தென்பால் இன்ன ஏரிக்கரை, மேல்பால் இன்னார் நிலம் எனப் பெயர்சுட்டிக் கூறும். இடத்தை விற்பவனும் வாங்குபவனும் நீரோடும் திசையை அறிந்தே தீரல் வேண்டும். இக்கால மனைப்பிரிவுப் பத்திரத்தில் நான்கெல்லையும் பெரும்பாலும் மனையெண்ணும் சாலையின் அகலமுமாகவே உள்ளன. மேற்கே 20 அடிச் சாலை, கிழக்கே மற்றொரு மனை என்பதனால் அந்நிலம் மேடோ பள்ளமோ, முன்பு வயலோ தாங்கலோ என்பது புலனாகாது. மொழியினின்று நீர் நீங்கிற்று. நிலத்தினின்று நீர் நீங்கவில்லை. ஒப்புதல் பெறாத மனைகளைப் பதிவு செய்தற்கு உயர்நீதிமன்றம் 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் தடைவிதித்ததும், அதன்பின் 2017இல் அவற்றை வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்ததும் இக்குழப்பத்தின் பரப்பினைக் காட்டுவன.

ஏரியும் வெள்ளமும்

குன்றத்தூருக்கு மேற்கே விரிந்து கிடப்பது செம்பரம்பாக்கம் ஏரி. அதன் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. வயல்களுக்கு நீரூட்டிய அவ்வேரி சென்னையின் குடிநீர்க்கு உரியதாயிற்று. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைத் தூய்மைசெய்யும் நிலையம் அங்கு 2007இல் தொடங்கப்பெற்றது. ஏரியின் மிகுநீர் குன்றத்தூரை ஒட்டிச் சென்று, திருநீர்மலைப் பக்கத்தே அடையாற்றொடு கலக்கும்.

2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பெய்த பெருமழை தாம்பரத்தில் 49 செண்டிமீட்டர் எனக் கணக்கிடப்பெற்றது. ஏரியினின்று நொடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட, அடையாற்றின் இருகரையும் வெள்ளக்காடாயின. பலர் உயிரிழந்தனர், வீடிழந்தோர் மிகப்பலர். இந்தியத் தலைமைக் கணக்காயரின் அறிக்கை, 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பெற்றபோது, அவ்வெள்ளத்தை மனிதரால் விளைந்த பேரிடர் எனக் கூறிற்று. நீர்திறப்பில் நேர்ந்த பிழையும், நீர்வழிகளில் நேர்ந்த ஆக்கிரமிப்பும் அவ்வறிக்கையில் ஆராயப்பெற்றன.

அவ்வறிக்கை ஆட்சியின் கணக்கு. வரலாற்றின் கணக்கு அதனினும் நீண்டது. ஏரி வாரியத்தார் பத்தாம் நூற்றாண்டில் செய்ததனையும், ஜாகீர்க் காலத்து அறுவடைப் பங்கு செய்ததனையும் இன்று செய்வார் எவர்? 1858ஆம் ஆண்டின் சட்டம் குடிமராமத்தினை மக்கள்மீது கட்டாயக் கடனாக்கிற்று. கட்டாயம் வேண்டப்பட்டது என்பதே, மனமுவந்து செய்த வழக்கம் அதற்குள் தளர்ந்தமைக்குச் சான்றாம். அறுவடைப் பங்கு நின்றபின் கடன் மட்டும் எஞ்சின் அது நிலைபெறுதல் அரிது. ஏரிகளைக் காக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007இல் ஒரு சட்டம் வந்தது. 2017இல் அரசு குடிமராமத்து என்னும் பெயரையே மீட்டுக்கொண்டு ஒரு திட்டம் தொடங்கிற்று. பெயர் மீண்டது நன்றே. ஆயின், ஏரிநீரால் வயல் விளைவிப்போர் குறைந்து, ஏரியைச் சாளரத்தின் வழிக் காண்போர் பெருகிய ஊரில், அக்கடனைத் தாங்கும் குடி எது என்னும் வினா விடைபெறாமலே நிற்கின்றது.

முடிவுரை

மேற்கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். குன்றத்தூர் போன்ற ஊர்கள் நகர்த்தொடர்பு சிறிதுமின்றி இருந்து பின்னர் விழுங்கப்பட்டன அல்ல. சேக்கிழார் காலந்தொட்டே தலைநகரோடும், ஜாகீர்க் காலந்தொட்டுச் சென்னையோடும் கொள்வினை கொடுப்பினை உடையனவாய் இருந்தன. இது முதலாவது. பழைய ஊரில் வாழ்வுரிமையும் காணியுரிமையும் நீர்காக்கும் கடனும் ஒன்றியிருந்தன. ஆயினும் அவ்வொருமை சேரியைப் புறத்தே நிறுத்தியே நிலைபெற்றது. இஃது இரண்டாவது. புறநகர், மனையைக் காணியினின்று பிரித்ததால் பலர்க்கு வாயில் திறந்தது. ஏரியினின்று பிரித்ததால் எல்லார்க்கும் இடர் விளைத்தது. இது மூன்றாவது. பழைமையைப் போற்றுவார் இரண்டாவதனை மறத்தலும், புதுமையைப் போற்றுவார் மூன்றாவதனை மறத்தலும் ஒருதலை வழக்காம்.

இனி, தமிழ்த்துறை மாணவர்க்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கலங்கல், மதகு, தாங்கல், ஏந்தல், நத்தம் என்னும் சொற்கள் அகராதியில் இருக்கும். எந்த ஊரின் எந்த இடம் அப்பெயரால் வழங்கிற்று என்பது அகராதியில் இராது. அது முதியோர் வாயிலும், பழம்பத்திரங்களிலும், நில அளவைக் குறிப்புகளிலுமே உளது. ஒவ்வொரு கோட்டத்திலும் ஊர்தோறும் சென்று, ஊரார் கூறும் பெயர்களையும், சேரியார் அதே இடங்களுக்குக் கூறும் பெயர்களையும் வேறுவேறாகக் குறித்துத் தொகுத்தல் வேண்டும். அத்தொகுப்பு மொழியாராய்ச்சிக்குக் கருவியாவதோடு அமையாது; தாம் வாங்கிய மனை முன்பு எதுவாய் இருந்தது என அறிய விழையும் குடிமக்களுக்கும் காப்பாகும். திருத்தொண்டர் வரலாறுகளை ஊர் ஊராகத் தேடித் தொகுத்த பெருமானின் ஊரிலிருந்தே அப்பணி தொடங்கப்பெறின், அது மிகவும் பொருத்தமுடையதாம்.